இடது பாதி என் கையில்

1

நான் துறையூரை விட்டு ஈப்போவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. அன்று காலை ஒன்பதரை மணி வாக்கில், டயாலிசிஸ் மையத்தின் பெரிய கூடத்தில், பன்னிரண்டு நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு என் கணவரிடம் இப்படிக் கத்தினேன்: "குத்துங்க! ஏன் சும்மா இருக்கீங்க? குத்துங்கன்னா!"

அவர் அப்போது மயங்கிப் போயிருந்தார். அது எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பி ஞாயிறு தவறாமல் ஊரிலிருந்து கூப்பிடுவான். "பொழுது எப்படிக்கா போகுது?" என்பான். "போகுதுடா" என்பேன். நாற்பத்தாறு வயதில் உன் அக்கா வாரத்துக்கு மூன்று நாள் வீடியோ கேமில் கொம்பு முளைத்த ஒரு மிருகத்தோடு சண்டை போடுகிறாள் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று எனக்கே பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தால் கொஞ்சமாவது தெளியுமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் கணவர் பெயர் குணசேகரன். சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை வைத்தபோது அவர் குடும்பம் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறியது. ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். பொறுமை என்பது அவரிடம் துளியும் கிடையாது. தோசை கல்லை விட்டு எழும்புவதற்குள் தட்டை நீட்டிவிடுவார். சிக்னலில் பச்சை விழுவதற்குள் மோட்டார் சைக்கிளை முறுக்குவார்.

அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வந்து, அது சிறுநீரகத்தைத் தின்றது. இரண்டு வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை இயந்திரத்தின் பக்கத்தில் சாய்வு நாற்காலி. இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள். அந்தக் கை அசையக் கூடாது. வலது கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை; அரை மணிக்கு ஒரு தடவை தானாக உப்பி இறுக்கும்.

எங்கள் ஒரே மகள் தர்ஷினி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது தன்னுடைய கேம் கருவியை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். நடுவில் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய திரை, இரண்டு பக்கமும் கைப்பிடி. கைப்பிடிகளைத் தனித்தனியாகக் கழற்றலாம். அதில் இரண்டு கேம்கள் இருந்தன. இரண்டுமே, நாம் ஒரு ஆளாக மாறி ஊர் ஊராக நடந்து, எதிர்ப்படுகிறவர்களிடம் பேசி, ஆயுதம் தேடி, பலம் சேர்த்து, கதையைக் கொண்டுபோகிற வகை.

முதல் கேமில் சண்டை என்றால் முறை வைத்து நடக்கும். நாம் அடிப்போம், எதிரி நிற்பான். பிறகு அவன் அடிப்பான், நாம் நிற்போம். நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டுக்கூட வரலாம், அவன் அங்கேயே நிற்பான். ஒரு கை போதும். நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு உண்டா? இவர் நான்கு தடவை ஆடிவிட்டு விட்டுவிட்டார்.

இரண்டாவது கேமில் முறை என்ற பேச்சே கிடையாது. எதிரிக்குத் தோன்றுகிறபோது பாய்வான். நாம் யோசித்துக்கொண்டிருந்தால் யோசனையோடு சாக வேண்டியதுதான். ஓடவும் கேடயம் தூக்கவும் இடது கைப்பிடி; வெட்டவும் குத்தவும் தாவவும் வலது கைப்பிடி. இரண்டு கையும் வேண்டும். இவருக்கு அதுதான் வேண்டுமாம்.

"செல்வி, அந்த எடது பக்கத்த நீ பிடிலா" என்றார். இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் வாலாக ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும்.

"எனக்கு என்னங்க தெரியும்?"

"நடக்க வை. கேடயத்தத் தூக்கு. அவ்ளோதான். வெட்டறத நான் பாத்துக்கறேன்."

3

நோயாளிக்கு ஊசி போட்டபின் கூடத்துக்குள் உறவினர் உட்காரக் கூடாது என்பது அந்த மையத்தின் விதி. அங்கே பொறுப்பில் இருப்பவர் புனிதா. இங்கே நர்சை மிஸ்ஸி என்பார்கள்.

"அக்கா, சொந்தக்காரங்க வெளியதான் இருக்கணும். ரூல்ஸ்லா" என்றார் மிஸ்ஸி புனிதா.

"இவங்க சொந்தக்காரங்க இல்ல மிஸ்ஸி" என்றார் இவர். "என்னோட எடது கை."

மிஸ்ஸி சிரித்துவிட்டார். பிறகு மேலே யாரையோ கேட்டு, ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கி, முகக்கவசமும் பிளாஸ்டிக் முக்காலியும் கொடுத்து, சத்தம் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு என்னை உட்கார வைத்தார்.

கேமில் நாங்கள் நடத்திப் போகும் ஆள் ஒரு பெண். தர்ஷினி உருவாக்கியவள். அவளைப் போலவே காதோரம் வெட்டிய முடி, சாம்பல் நிறச் சட்டை. இந்த மாதிரி கேமில் நம் ஆள் நமக்கு முதுகு காட்டித்தான் நடப்பாள். முகம் எப்போதாவதுதான் தெரியும். முதல் நாளே எனக்கு அது என்னவோ போல இருந்தது.

ஒரு பாழடைந்த முற்றம். முழங்கால் அளவு தண்ணீர். அதன் நடுவே கொம்பும் தொந்தியுமாக ஒரு மிருகம், கையில் கனத்த தடி. இவர் அதைப் பார்த்ததும் "கங்காணி" என்று பெயர் வைத்தார். தோட்டத்தில் நின்று வேலை வாங்குகிறவர் அப்படித்தான் இருப்பாராம். அதைத் தாண்டினால்தான் அடுத்த ஊர்.

"கோஸ்தான்! கோஸ்தான் பண்ணு!" என்று இவர் சொல்வார். பின்னால் போ என்று அர்த்தம். வண்டியைப் பின்னுக்கு எடுப்பதை இந்த ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் வந்த புதிதில், லாரிக்குப் பின்னால் நின்று ஒருவர் "கோஸ்தான், கோஸ்தான்" என்று கூவியபோது, டிரைவர் பெயர் கோஸ்தான் போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த நாள் அந்த மனிதரை "கோஸ்தான் அண்ணே" என்று கூப்பிட்டேன். தெரு முழுக்கச் சிரித்தது. இப்போது அர்த்தம் தெரியும். ஆனால் என் கட்டைவிரலுக்குத் தெரியவில்லை. பின்னால் போகச் சொன்னால் நேராகக் கங்காணியின் தொந்தியிலேயே கொண்டுபோய் முட்டுவேன்.

துறையூரில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள் நான். அந்த இடது கை விரல்கள் இருபத்தைந்து வருடம் வெங்காயம் பிடிக்கவும் துணி பிழியவும் மட்டுமே பயன்பட்டன. மூன்றாவது வாரம் அவை தாமாக விழித்துக்கொண்டன. கங்காணி தடியை ஓங்கும்போது நான் நினைப்பதற்குள் கேடயம் மேலே இருந்தது.

"ஆ, அப்படி!" என்றார் இவர். அந்த "ஆ"வுக்காக நான் மார்க்கெட்டில் மீன் பார்க்கும்போதுகூடக் கட்டைவிரலை அசைத்துக்கொண்டிருந்தேன். இதை என்னவென்று சொல்வது? அந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருந்ததா, அந்த "ஆ" பிடித்திருந்ததா? இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பெண் அடிபட்டுத் தண்ணீரில் விழும்போதெல்லாம் கைப்பிடியை விட்டுவிட்டுத் திரையைத் தொடப் போவேன். பத்து விநாடியில் எழுந்து வந்துவிடுவாள் என்று தெரிந்தும் போவேன்.

4

இதற்கு நடுவில் என் விசா புதுப்பிக்கும் நாள் வந்தது. இருபத்திரண்டு வருடமாக நான் இந்த நாட்டில் மனைவி என்ற விசாவில்தான் இருக்கிறேன். நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம்; அதை பி.ஆர். என்பார்கள். "அடுத்த வருஷம் போடலாம்லா" என்று இவரும், சரி என்று நானும், தள்ளித் தள்ளியே காலம் போய்விட்டது. தப்பு எங்களுடையதுதான். விசா புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் கணவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று இவரால் வேகமாக நடக்க முடியவில்லை. நான் முன்னால் போய் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த மலாய் அதிகாரி கணவரைப் பற்றிக் கேட்டார். மலாயில் கணவருக்கு சுவாமி என்று பெயர். வேலையிலிருந்து நின்றுவிட்டார் என்று சொல்ல நினைத்தேன். அவசரத்தில் சொல் வரவில்லை. "சுவாமி சாயா சூடா ஹாபிஸ்" என்றேன். என் கணவர் முடிந்துவிட்டார் என்று ஆகிவிட்டது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். முகம் மாறியது. நெஞ்சில் கைவைத்துத் தன் அனுதாபத்தைச் சொன்னார். "அப்படியானால் இந்தப் பாரம் இல்லை, அதற்கு வேறு பாரம் இருக்கிறது" என்று மெதுவாக மலாயில் சொல்லி, எழுந்து அலமாரியைத் திறக்கப் போனார்.

அப்போது முடிந்துபோன சுவாமி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "என்னா ஆச்சு?" என்றார்.

அதிகாரி திகைத்து, பிறகு சிரித்து, தன் நாற்காலியையே இழுத்து இவருக்குப் போட்டார். நல்ல மனிதர். எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு மட்டும் அந்த அலமாரி மனதைவிட்டுப் போகவில்லை. வேறு பாரம் இருக்கிறது. இவர் இல்லாவிட்டால் நான் இங்கே யார் என்பதற்கு ஒரு தாள் ஏற்கெனவே அச்சடித்துத் தயாராக இருக்கிறது. துறையூரில் எனக்கு ஒரு வீடு இல்லை. தம்பி வீடுதான் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் தலை சுற்றும். அதனால் யோசிப்பதை நிறுத்திவிட்டு, வியாழக்கிழமை வந்ததும் இடது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

5

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அன்று திரையில் கோடாகக் காட்டுகிற கங்காணியின் உயிர் கால்வாசிதான் மிச்சம். அதுவரை நாங்கள் அவ்வளவு தூரம் வந்ததில்லை. தடி கீழே இறங்கியது, நான் கேடயத்தில் வாங்கினேன், அது தடுமாறியது. குத்த வேண்டிய நேரம் அதுதான். இவர் குத்தவில்லை.

பட்டை உப்பிக் கையை இறுக்குகிறது போல என்று முதலில் நினைத்தேன். அப்படி இறுக்கும்போது இவர் விரல் சில விநாடி நின்றுபோகும். நான் திரையில் அந்தப் பெண்ணைப் பின்னால் இழுத்தேன். மறுபடி கேடயம். மறுபடி அது தடுமாறியது. மறுபடியும் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போதுதான் கத்தினேன்.

மிஸ்ஸி புனிதா ஓடிவந்தது எனக்காக என்று நினைத்தேன், சத்தம் போட்டதற்காக. அவர் என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்தார். இவர் தலை தாழ்ந்து கால் உயர்ந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் பாதி திறந்து எங்கேயோ பார்த்தது. "அண்ணே! அண்ணே! என்னப் பாருங்க!" என்று மிஸ்ஸி கன்னத்தில் தட்டினார். இன்னொரு மிஸ்ஸி உப்புநீரைத் திறந்துவிட்டார். திரையில் கங்காணி அந்தப் பெண்ணை அடித்துப் போட்டது. நான் அதையும் பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

ஐந்து நிமிடத்தில் இவருக்கு நினைவு வந்தது. "செத்துட்டாளா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மெஷின் ஒடம்புலேருந்து தண்ணிய கூடுதலா எடுத்ததால பிரஷர் எறங்கிடுச்சு அக்கா. கேமால இல்ல, பயப்படாதீங்க" என்றார் மிஸ்ஸி. நான் தலையாட்டினேன். கைப்பிடியைப் பையில் போட்டேன். இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

6

மயங்கின செய்தி கேட்டுத் தர்ஷினி வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வந்தாள். வழக்கமாக அவளிடமிருந்து எனக்கு வருவது "ஓகே மா" என்ற ஒரு வரி. அதையும் ஆங்கில எழுத்தில்தான் அனுப்புவாள். வந்தவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. சமையலறையில் நின்று திட்டினாள்.

"அப்பாக்கு ரெஸ்ட்தானேமா வேணும்? நீங்க போயி கூட சேந்து ஆடறீங்க! டென்ஷன் ஆக மாட்டாரா?"

"ஒங்கப்பாதான் கேட்டாரு."

"அவரு கேட்டா?"

அவள் சொன்னது சரி என்று பட்டது. பிறகு கருவியை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் என்னவோ செய்தாள். சனிக்கிழமை என் முக்காலியில் அவள் உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அப்பாவும் மகளும் ஒரு திரையில் குனிந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இவர் நிமிர்ந்தார். என்னவோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். இவர் வலது கைப்பிடியை மடியில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். மிச்ச நேரம் முழுக்கக் கூரைதான்.

அவள் கேமை லேசாக்கியிருந்தாள். அமைப்புகளில் அதற்கு ஒரு இடம் உண்டாம். கங்காணி தடியை ஓங்கிவிட்டு, அடிக்காமல் வெகுநேரம் நின்றதாம். அடித்தாலும் அந்தக் கேம் பெண்ணுக்கு வலிக்கவில்லையாம்.

"நல்லதுக்குத்தான்மா பண்ணேன்" என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் மூக்கை உறிஞ்சினாள். அப்பா அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு இவர்மேல்தான் கோபம் வந்தது. பிள்ளை அவ்வளவு தூரம் வந்து அக்கறையாகச் செய்ததற்கு இப்படியா?

7

திங்கட்கிழமை மத்தியானம் ஏன் இப்படி என்று கேட்டேவிட்டேன். இவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வார். அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"லிஃப்ட்ல நான் வர்றவரைக்கும் கதவப் பிடிச்சிட்டு நிக்கறாங்க. ஆபீஸ்ல எந்திரிச்சு நாக்காலி குடுக்கறாங்க. ஃபேக்டரி கூட்டாளிங்க வந்தா, நான் மூச்சு விட்டு முடிக்கறவரைக்கும் பேச்ச நிறுத்திட்டு மூஞ்சியப் பாக்கறாங்க. நல்லவங்கதான். கொற சொல்லல. ஆனா அந்தக் கங்காணி மட்டும் எனக்காக நிக்க மாட்டான் செல்வி. நான் சீக்காளினு அவனுக்குத் தெரியாது. இப்ப ஒம்பொண்ணு அவனுக்கும் சொல்லிக் குடுத்துட்டா."

"ஒரு நாளைக்குப் பத்துத் தடவ சாகறீங்களே, அது நல்லாருக்கா?"

"சரியா ஆடலன்னு சாகறேன்லா. கிட்னியால இல்ல."

ஐஸ் கட்டியைக் கடித்தார். எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். அடிக்க வருகிற ஒன்றிடம் ஆறுதல் தேடுவது என்ன மாதிரி ஆறுதல்? "நானும் உங்களுக்காகத்தானே எல்லாத்துக்கும் நிக்கறேன்?" என்றேன்.

"நீ நிக்கறதாலதான் நமக்கு அடி விழுது. ஓடுனு எத்தன தடவ சொல்றேன்?" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா, தெரியவில்லை.

சாயங்காலம் தர்ஷினியைக் கூப்பிட்டேன். "அத பழையபடி மாத்தணும். எப்படினு சொல்லு."

"அப்பா கோவமா இருக்காரா மா?"

"உன்மேல இல்ல. சொல்லு, எந்த பட்டன்?"

திரையில் ஆங்கிலத்தில் இருந்ததையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவள் வழி சொன்னாள். இரண்டு தடவை மொழியையே மாற்றிவிட்டேன். எல்லாம் ஜப்பானிய எழுத்தாகிவிட்டது. அங்கே அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நானும் சிரித்தேன். மாற்றி முடித்த பிறகும் அவள் போனை வைக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் மத்தியானம் தன்னைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை என்றாள். தானும் போய்க் கேட்பதில்லை என்றாள். நாற்பது நிமிடம் பேசினோம். கடைசியில், "மா, நானும் அந்த மான்ஸ்டர்கிட்ட தோத்துட்டுத்தான் கேம அப்பாகிட்ட குடுத்தேன். அவருகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

8

மறுபடி முக்காலியில் உட்காரும் முன் இவரிடம் ஒரு நிபந்தனை போட்டேன். "ஆடற நேரம் முழுக்கப் பேசிக்கிட்டே இருக்கணும். வாய் மூடுனா நான் திரும்பி உங்களத்தான் பாப்பேன். அவ செத்தாலும் சரி."

"என்னா பேசறது?"

"எதையாவது."

முதலில் கிரிக்கெட் வர்ணனை மாதிரிதான் பேசினார். இடது, வலது, கோஸ்தான், தூக்கு. சொல்லித் தீர்ந்துபோனதும் வேறு விஷயங்கள் வர ஆரம்பித்தன. "எடது பக்கம் போ... அன்னிக்கு ஏர்போர்ட்ல ஒன்னப் பாத்தப்ப பயந்துட்டேன் தெரியுமா... கேடயம்! ...இந்தப் பொண்ணு அழுதுட்டு அடுத்த பிளேன்ல போயிடும்னு நெனச்சேன்... தூக்கு தூக்கு... திங்கக்கெழம அந்த பி.ஆர். பாரத்தப் போயி வாங்கியாறணும், இனிமே தள்ளக் கூடாது... கோஸ்தான்!"

நான் எதைக் கேட்பது? எதற்குப் பதில் சொல்வது? கேடயத்தைத் தூக்குவதா, கண்ணைத் துடைப்பதா? இருபத்திரண்டு வருடத்தில் சொல்லாததையெல்லாம் ஒரு மனிதர் இப்படியா, ஒரு மிருகத்திடம் அடி வாங்கிக்கொண்டா சொல்வார்? எங்கள் ஆட்டம் முன்னைவிட மோசமானது. மூன்று வாரம் தோற்றோம்.

சொன்ன திங்கட்கிழமையே பாரத்தை வாங்கி வந்தோம். அது உண்மை.

நான்காவது வாரம் வியாழக்கிழமை, பத்தே முக்கால் மணி. இயந்திரம் முடிய இன்னும் கால்மணி நேரம். கங்காணிக்கு உயிர் நூல் அளவுதான். நான் கேடயத்தைத் தூக்கினேன். தடி இறங்கியது. இவர் பேச்சு நின்றது.

நான் திரும்பிவிட்டேன்.

இவர் கண் அகலத் திறந்திருந்தது. கீழுதட்டைக் கடித்திருந்தார். நெற்றியில் ஒரு நரம்பு புடைத்திருந்தது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், மோட்டார் சைக்கிளின் பின்னால் என்னை வைத்துக்கொண்டு லாரிகளை முந்தும்போது கண்ணாடியில் நான் பார்த்த அதே முகம். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரல் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. கேடயம் மேலே இருந்ததா கீழே இருந்ததா, அதுவும் தெரியாது. கடித்த உதடு விடுபட்டது. வாய் மெல்லத் திறந்தது. கண்ணோரம் சுருங்கியது.

"விழுந்துட்டான்" என்றார்.

நான் திரையைப் பார்ப்பதற்குள் தண்ணீர் அடங்கிவிட்டது. முற்றத்தின் நடுவே அந்தப் பெண் மட்டும் முதுகு காட்டி நின்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சீனப் பெரியவர் ஊசியில்லாத கையால் தொடையில் தட்டினார். மிஸ்ஸி புனிதா உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்றார். பிறகு அவரே வந்து எட்டிப் பார்த்தார்.

ஊசிகளை எடுத்தபிறகு அந்த இடத்தைப் பஞ்சு வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது எப்போதும் என் வேலை. நான் அழுத்திக்கொண்டிருந்தேன். என் விரலுக்குக் கீழே அவர் ரத்தம் கிர்ரென்று ஓடுவது தெரிந்தது. இவர் சொல்லிக்கொண்டே போனார், எப்படி அது தடியை ஓங்கியது, நான் எப்படி நேராகத் தாங்காமல் பக்கவாட்டில் ஒதுங்கினேன், அப்படி ஒதுங்கும்படி தான் ஒருபோதும் சொன்னதில்லையே, அது எனக்கு எப்படித் தெரிந்தது. எனக்கு எதுவும் தெரியாது. நான் பார்க்கவே இல்லை என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

"எந்தப் பக்கமா விழுந்தான்?" என்று கேட்டேன்.

இவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.